பட்டுப் போச்சா... தூங்குதா?

வேலிக்கு நட்ட குச்சிகளின் முன்னால் நின்றுகொண்டு, "இது பிழைக்குமா, பிழைக்காதா?" என்று நீங்கள் என்றைக்காவது தவித்ததுண்டா சகோதரிகளே? நான் தவித்திருக்கிறேன். தவித்ததோடு நின்றிருந்தால் குற்றமில்லை. பொறுமை கெட்டுப்போய், உயிரோடு இருந்த 23 குச்சிகளை என் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டேன்! அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன். என்னைப் போல வேறு யாரும் செய்துவிடக் கூடாது பாருங்கள்.

எங்கள் ஊர் மல்லசமுத்திரம். திருச்செங்கோடு வட்டம். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிகிறவரை சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர். ஊரை விட்டுத் தள்ளி, தோட்டத்துக்குள் எங்கள் வீடு. நான் பிறந்து வளர்ந்தது கோபிச்செட்டிபாளையம் பக்கம். கொடிவேரியிலிருந்து வருகிற தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரில் நெல்லும் மஞ்சளும் விளைகிற பூமி. அங்கே ஒரு முருங்கைக் கொம்பை ஒடித்து வாய்க்கால் ஓரத்தில் குத்தி வைத்தால் போதும், பத்துப் பதினைந்து நாளில் துளிர்த்து நிற்கும். செடி என்றால் நட்டவுடன் துளிர்க்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. வாக்கப்பட்டு வந்த இடமோ வானம் பார்த்த பூமி. இங்கே கணக்கே வேறு என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

என் வீட்டுக்காரருக்கு ரிக் வண்டியில் வேலை. திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் போர் போடாத மாநிலமே இல்லை என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்லுவார்கள். பெருமை சரிதான். ஆனால் வண்டியோடு போனவர் நாலைந்து மாதம் கழித்துத்தான் வீட்டு வாசலை மிதிப்பார். அதுவரை தோட்டம், மாடு, குழந்தை எல்லாம் என் தலையில். மாமனார் இல்லை. மாமியார் அந்தச் சமயம் நாத்தனாரின் பிரசவத்துக்காக ராசிபுரம் போயிருந்தார்.

இது நடந்தது 2017-ஆம் வருஷம். அதற்கு முந்தின ஐப்பசி, கார்த்திகை மழை அடியோடு ஏமாற்றிவிட்டது. தை பிறப்பதற்கு முன்பே மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசாங்கம் அறிவித்த வருஷம் அது. எங்கள் கிணறு அடிப்பாறை தெரிய வற்றிக் கிடந்தது. தண்ணீர் உள்ள கிணற்றை விடத் தண்ணீர் இல்லாத கிணறுதான் பயங்கரம். எங்கள் பக்கத்துப் பழைய கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் கிடையாது.

அந்த வருஷம் காளிப்பட்டி தைப்பூசத்துக்குப் போய்விட்டு வந்த வாரத்தில்தான் என் மகன் நடக்க ஆரம்பித்தான். அப்போது அவனுக்கு 16 மாதம். கொஞ்சம் தாமதமாக நடந்தானே தவிர, நடக்க ஆரம்பித்தபின் நிற்கவே இல்லை. ஒரு நாள் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பினால் திண்ணையில் பிள்ளையைக் காணோம்! "கண்ணு... கண்ணு..." என்று கத்துகிறேன். பதில் இல்லை. பதில் எப்படி வரும்? அவனுக்கு அப்போது ஒரு வார்த்தைகூடப் பேச்சு வரவில்லை. "அம்மா" என்றுகூடச் சொல்ல மாட்டான். என் நெஞ்சு அடித்துக்கொண்டது, இப்போது எழுதும்போதும் அடித்துக்கொள்கிறது.

பக்கத்துக் காட்டில் வெள்ளாடு மேய்க்கிற ஆயா ஒருவர், அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். "கெணத்து மேட்டுல ஒக்காந்து கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்தான் அம்முணி. ஆடு அந்தப் பக்கம் போகலீன்னா நானும் பாத்திருக்க மாட்டேன்" என்றார்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. விடிந்ததும் முதல் வேலை வேலிதான் என்று முடிவு செய்தேன்.

கம்பி வேலி போட விசாரித்தேன். கல்தூணுக்கும் கம்பிக்கும் சொன்ன தொகை எனக்குக் கட்டுபடியாகாது. உயிர்வேலிதான் வழி. என்ன செடி வைப்பது? இதில் குழந்தை உள்ள வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருகுகள்ளி சுலபமாக வளரும், ஆடு மாடு வாய் வைக்காது. ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணே கெட்டுப் போகலாம். அரளி பூப்பூத்து அழகாக இருக்கும். ஆனால் இலை, பூ, பட்டை, விதை எல்லாமே விஷம். எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயதில் குழந்தை இருக்கும்போது, இந்த இரண்டும் வாசலில் வேண்டவே வேண்டாம்.

ஆகவே கிளுவை. எங்கள் கொங்குச் சீமைக்கே உரிய வேலி அது. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் போனால் கொறங்காடு என்று சொல்லுகிற மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி இந்தக் கிளுவை வேலிதான் நிற்கும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ளே, கிளுவை முள் வெளியே. ஒரு தடவை பிடித்துக்கொண்டால் பேரன் காலம்வரை நிற்கும். விதை போட வேண்டாம், நாற்று வாங்க வேண்டாம். கொம்பை வெட்டி நட்டால் போதும். அந்தக் கொம்பைப் போத்து என்பார்கள். முள் இருக்கிறதே என்றால், முள் குத்தினால் குழந்தை அழும், திரும்பி வந்துவிடும். கிணறு அப்படித் திருப்பி அனுப்பாது.

கையில் சேர்த்து வைத்திருந்த பணத்தில் 180 போத்து வாங்கினேன். ஒவ்வொன்றும் நாலடி உயரம், கட்டைவிரலை விடக் கொஞ்சம் பருமன். இரண்டு ஆட்கள் வந்து பங்குனி முதல் வாரத்தில் நட்டுக் கொடுத்தார்கள். மேற்கே 60, தெற்கே 60, கிழக்கே 60. ஒவ்வொன்றும் ஓரடி ஆழத்தில், அடிக்கு ஒன்றாக. வடக்கே வீட்டுச் சுவர். நட்டவர்களில் ஒருவர், "மழைக்கு முன்னாடி நடலாங்க, ஆனா இது ரொம்ப முந்தி" என்று இழுத்தார். எனக்கோ அவசரம். குழந்தை மழைக்காகக் காத்திருப்பானா?

தண்ணீர்ப் பஞ்சத்தில் 180 குச்சிக்கு ஊற்ற நான் எங்கே போவேன்? மேற்கு வரிசை குளியலறையும் துணி துவைக்கிற கல்லும் இருக்கிற பக்கம். அந்தத் தண்ணீரை அப்படியே அந்த வரிசைக்குத் திருப்பிவிட்டேன். தினமும் இரண்டு வேளை நனையும். தெற்குக்கும் கிழக்குக்கும் வாரம் ஒரு முறை குச்சிக்கு ஒரு சொம்பு. அவ்வளவுதான் முடிந்தது.

மூன்றாவது வாரம் மேற்கு வரிசை துளிர்த்தது! மூன்று மூன்று இலையாய், குழந்தையின் நகம் போலப் பளபளவென்று பச்சை. எனக்குக் கொண்டாட்டம். போனில் அவரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். ஆனால் தெற்கும் கிழக்கும்? மொட்டைக் குச்சிகள். சித்திரை பிறந்தது. மொட்டைக் குச்சிகள். கிணற்றை ஒட்டியது தெற்கு வரிசை. எனக்கு எது முக்கியமோ அதுதான் துளிர்க்கவில்லை.

தினமும் காலையில் காப்பி குடித்தவுடன் போய் ஒவ்வொரு குச்சியாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். வேர் பிடித்திருக்கிறதா என்று மெல்ல இழுத்தும் பார்ப்பேன். ஆடும். சரி, பிடிக்கவில்லை என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்புவேன். மறுநாளும் அதே வேலை. பார்க்கிறவர்களும் சும்மா இருப்பார்களா? "துளுத்தது துளுத்தாச்சு. மீதியெல்லாம் அடுப்புக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார் ஒருவர். "ஏனுங்க, என்ன பண்ணட்டும்?" என்று அவரிடம் போனில் கேட்டேன். "புடுங்கிப் போடு. நான் வந்து கம்பி கட்டிக்கலாம்" என்றார். எப்போது வருவார்? ஆடிக்கு!

அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்த நாலாம் நாள், ஆத்திரமும் அழுகையுமாகத் தெற்கு வரிசையைப் பிடுங்க ஆரம்பித்தேன். வேறு போத்து வாங்கி நட்டுவிடலாம் என்று எண்ணம். ஒன்று, இரண்டு, மூன்று... 23 குச்சி பிடுங்கியாயிற்று. அப்போதுதான் ஆடுகளோடு அந்த ஆயா வந்தார்.

"என்ன அம்முணி பண்றே? எதுக்கு சாமி இதைப் புடுங்கறே?"

"பட்டுப் போச்சுங்க ஆயா. ரண்டு மாசமாகப் போகுது. ஒரு துளிரைக் காணோம்."

"பட்டுப் போச்சுன்னு உனக்கு ஆரு சொன்னா? வெய்யக் காலத்துல கிளுவ எப்பப் பச்சையா நின்னுச்சு? அங்க பாரு எங்க காட்டு வேலிய. எங்கப்பன் காலத்துது. அதுல ஒரு எலை இருக்குதா?"

திரும்பிப் பார்த்தேன். தினமும் பார்க்கிற வேலிதான். ஒரு இலைகூட இல்லாமல் வெறும் முள்ளாகத்தான் நின்றது. அது வெட்டிப் போட்ட காய்ந்த முள்வேலி என்றே நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்! போன ஐப்பசியில் அது பச்சையாக இருந்ததை நான் கவனித்ததே இல்லை.

ஆயா கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் அரிசி அளவுக்கு ஒரு கீறல். மேலே காகிதம் போல உரிகிற தோல். அதன் அடியில் பச்சை! ஈரமான பச்சை. மூக்கருகே கொண்டுவந்து காட்டினார். பிசின் வாசனை கமகமவென்று வந்தது.

"குச்சிக்கெழங்கு நடறப்போ நாங்க என்ன பண்ணுவோம்? கீறிப் பாப்போம். பால் கசிஞ்சா நடுவோம். கசியலீனா அடுப்புக்கு. இதுவும் அப்படித்தான் கண்ணு. கீறிப் பாக்காம புடுங்கலாமா?"

பிறகு குச்சியின் அடியைத் திருப்பிக் காட்டினார். வெட்டுவாயைச் சுற்றிப் பருத்த விளிம்பு. அதில் அரிசிக் குருணை ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாய் முனைகள். வேர்! அப்போதுதான் கண் திறக்கிற வேர். அவற்றில் பாதி நசுங்கி உடைந்திருந்தன. எது உடைத்தது? தினமும் காலையில் ஆட்டி ஆட்டிப் பார்த்த என் கைதான். அது பிடித்துக்கொள்ள முயன்றபோதெல்லாம் நான்தான் பிய்த்து விட்டிருக்கிறேன்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. பிடுங்கிய 23-ஐயும் இருவருமாகத் திரும்ப நட்டோம். பிறகு அவரே சீமைக்கருவேல முள்ளை வெட்டி வந்து, கிணற்றுப் பக்கம் முழுவதும் படல் போட்டுக் கொடுத்தார். "வேலி வர்ற வரைக்கும் இது காக்கட்டும். நீ ஆட்டாம இரு" என்றார். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம் அது. படல் போட்டிருந்தால் எனக்கு அத்தனை அவசரம் வந்திருக்காது. அவசரம் இல்லாவிட்டால் பிடுங்கியிருக்கவும் மாட்டேன்.

இனிமேல்தான் வேடிக்கை. வைகாசியில் மேற்கு வரிசை வாட ஆரம்பித்தது. நான் கொண்டாடிய அதே வரிசை! துளிர் தொங்கி, கருகி, உதிர்ந்தது. நகத்தால் கீறினேன். மேலே இன்னும் பச்சை. கீழே வரவர மங்கல். மண்ணை ஒட்டிக் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. ஒரு நாற்றம் வேறு. சோப்புத் தண்ணீரிலேயே நின்று அடி அழுகிப்போயிருந்தது. கிளுவை வறண்ட நிலத்துச் செடி. அதற்குப் பஞ்சம் தாங்கும், சேறு தாங்காது. என் பாசமே அதைக் கொன்றுவிட்டது.

அப்படியானால் முதலில் துளிர்த்தது எப்படி? குச்சிக்குள் ஏற்கெனவே சேர்த்து வைத்த மாவுச்சத்தும் ஈரமும் இருக்கிறது. அதைக் கொண்டே அது இலை விட்டுவிடும், வேர் இல்லாமலே. இருப்பு தீர்ந்ததும் விழுந்துவிடும். வெட்டி வைத்த முருங்கைக் கொம்பு சுவரோரம் சாத்திய இடத்திலேயே துளிர்ப்பதை நாம் பார்த்ததில்லையா? ஆகவே இலை இருப்பதால் பிழைத்தது என்றும் இல்லை, இலை இல்லாததால் பட்டது என்றும் இல்லை.

இலையை உதிர்ப்பது செடியின் சாமர்த்தியம். இலை வழியாகத்தான் தண்ணீர் ஆவியாகப் போகிறது. தண்ணீர் கிடைக்காத காலத்தில் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, தண்டுக்குள் உயிரை வைத்துக்கொண்டு தூங்குகிறது. கிளுவையின் தோலுக்கடியில் உள்ள பச்சை, இலை இல்லாத நாளிலும் வெயிலைக் கொண்டு கொஞ்சம் உணவு தயாரித்துக்கொள்ளும். பங்குனியில் ஏற்காடு பஸ்ஸில் போனால் அடிவாரக் காடு பூராவும் மொட்டை மரங்களாக நிற்குமே, அதுவும் இதே தூக்கம்தான். குளிர் நாடுகளில் இது நேர்மாறாக நடக்கிறது. இங்கிலாந்தில் வேலிச் செடிகளைக் குளிர்காலத்தில், இலையே இல்லாமல், வேரில் மண்கூட இல்லாமல்தான் விற்பார்களாம். வாங்கி நட்டவர்கள் வசந்தம் வரை மொட்டைக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே குளிருக்குத் தூக்கம். இங்கே காய்ச்சலுக்குத் தூக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

வைகாசி கடைசியில் ஒரு மழை, ஆனியில் இரண்டு மழை. இரண்டாவது மழைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, கிழக்கு வரிசையில் குச்சிகளின் மேல் கடுகு கடுகாய்ப் புடைப்பு. பிறகு பச்சைப் புள்ளி. பிறகு இலை! நான் கவனித்துக் கவனித்துத் தண்ணீர் ஊற்றாத வரிசை அது. புரட்டாசியில் எண்ணிப் பார்த்தேன். கிழக்கே 60-ல் 52 பிழைத்தது. தெற்கே நான் பிடுங்காமல் விட்ட 37-ல் 31. பிடுங்கி மறுபடி நட்ட 23-ல் 4. அருமையாகக் குளிப்பாட்டி வளர்த்த மேற்கில் 60-க்கு 19! என்னுடைய கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த மார்க் அது.

வாசக சகோதரிகளுக்குப் பயன்படட்டும் என்று, நான் பட்டுக் கற்றதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கிளுவைக்கு மட்டுமல்ல, செம்பருத்தி, ரோஜா, மருதாணி போல வீட்டில் வைக்கிற பெரும்பாலான குச்சி வகைகளுக்கும் இது உதவும்.

1. முதலில் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். அதே வகையில் வளர்ந்த பழைய செடி ஒன்று எங்கேயாவது இருக்கும். அதுவும் மொட்டையாக நின்றால், உங்கள் குச்சியும் தூங்கத்தான் செய்கிறது என்று நம்பலாம். பழைய செடியெல்லாம் தழைத்து நிற்க, உங்களுடையது மட்டும் மொட்டை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

2. நகத்தால் கீறிப் பாருங்கள். ஒரு அரிசி அளவு போதும். சுற்றிலும் உரித்துவிடாதீர்கள், செத்துப் போகும். உள்ளே ஈரமான பச்சையோ வெண்பச்சையோ இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் அந்த இடத்தில் உயிர் இல்லை. உடனே கைவிடாமல் ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி கீறுங்கள். நுனி காய்ந்து அடி பிழைத்திருக்கும் குச்சி எத்தனையோ! காய்ந்த பாகத்தை மட்டும் நறுக்கிவிட்டால் போதும்.

3. பக்கக் கிளை இருந்தால் ஒரு சிறு நுனியை வளைத்துப் பாருங்கள். வளைந்தால் நல்லது. சுள்ளி போலப் படக்கென்று ஒடிந்தால் அந்தக் கிளை போய்விட்டது.

4. கணுக்களைப் பாருங்கள். புடைத்துக் கெட்டியாக இருந்தால் உள்ளே துளிர் காத்திருக்கிறது. சுருங்கிக் கறுத்து, தொட்டால் உதிர்ந்தால் நம்பிக்கை குறைவு.

5. மண்ணை ஒட்டிய இடத்தைப் பாருங்கள். கறுப்பு, கொழகொழப்பு, நாற்றம் இருந்தால் அழுகல். மண்கூடு கட்டியிருந்தால் கறையான். மேலே எவ்வளவு பச்சை இருந்தாலும் அடி அழுகியதை நம்பாதீர்கள். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்.

6. ஆட்டாதீர்கள், இழுக்காதீர்கள். வேரைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், ஒரே ஒரு குச்சியின் பக்கத்து மண்ணை மட்டும் விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். வரிசைக்கு ஒன்று போதும்.

7. ஒரு கெடு வையுங்கள். எங்கள் பக்கத்தில் கோடையில் நட்டதற்கு இரண்டு நல்ல மழை பார்த்து, அதற்குப் பிறகும் மூன்று நாலு வாரம் பொறுக்கலாம். அப்போதும் அடிவரை கீறி எங்கும் பச்சை இல்லையென்றால், தயங்காமல் பிடுங்கிவிட்டு மழைக்காலம் முடியுமுன் வேறு நடுங்கள். வீண் நம்பிக்கையில் பருவத்தை விட்டுவிட்டால் இன்னொரு வருஷம் போய்விடும்.

சந்தேகம் தீராவிட்டால் கேட்பதற்கும் இடம் இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. இது போன்ற நிலையங்கள் மற்ற மாவட்டங்களிலும் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிக் கதை.

அந்தச் சித்திரை, வைகாசியில் நான் ஆட்டி ஆட்டிப் பார்த்தது குச்சிகளை மட்டும் அல்ல. 19 மாதத்துப் பிள்ளையை மடியில் இருத்தி, "அம்மா சொல்லு... அத்தை சொல்லு... சொல்லுடா..." என்று காலையும் மாலையும் நச்சரிப்பேன். அவன் பேந்தப் பேந்த விழிப்பான். "கிணத்துப் பக்கம் போய்க் கத்தத் தெரியாத பிள்ளை" என்ற பயம் எனக்கு. வந்தவர்கள் எல்லாம், "இன்னுமா பேச்சு வரல? ஊமையா இருக்கப் போகுது" என்பார்கள். சிலர், "எங்க வூட்ல நாலு வயசுல பேசுனான், தானா வரும் விடு" என்பார்கள். ஒருவர் பிடுங்கச் சொன்னார், இன்னொருவர் பார்க்கவே வேண்டாம் என்றார். யார் பேச்சைக் கேட்பது?

குச்சியைக் கீறிப் பார்த்த அன்று ராத்திரிதான் எனக்குத் தோன்றியது, இவனையும் யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லையே என்று. குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் அவனைப் பேசச் சொல்லவே இல்லை. முதுகுக்குப் பின்னால் சாவியைக் குலுக்கினார், திரும்புகிறானா என்று பார்த்தார். "பந்து எங்கே?" என்று கேட்டார், விரல் நீட்டிக் காட்டுகிறானா என்று பார்த்தார். முகம் பார்த்துச் சிரிக்கிறானா, டாட்டா காட்டுகிறானா என்று கவனித்தார். காதுப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். காது நன்றாகக் கேட்டது.

"சொல்வது புரிகிறது, காது கேட்கிறது, நல்ல அறிகுறிகள்தான். நச்சரிக்காதீர்கள். நீங்கள் பாட்டுக்கு அவனோடு பேசிக்கொண்டே இருங்கள். ஆனால் இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லையென்றால் கட்டாயம் மறுபடி கூட்டி வாருங்கள், 'தானாக வரும்' என்று விட்டுவிடாதீர்கள்" என்றார். கெடு வைத்து அனுப்பினார் பாருங்கள்!

மாடு கறக்கும்போதும் தோசை வார்க்கும்போதும் அவனோடு பேசிக்கொண்டே இருந்தேன். பதில் கேட்கவில்லை. ஐப்பசி மாதம் ஒரு நாள் மழை விட்ட சாயங்காலம், ஆயாவின் ஆடு வேலிக்கு மேல் எக்கிக் கிளுவை இலையைக் கடித்துக்கொண்டிருந்தது. அவன் ஓடி வந்து என் சேலையைப் பிடித்து இழுத்து, "ஆடு... எலை!" என்றான். இரண்டு வார்த்தை! "அம்மா" இல்லை, "அப்பா" இல்லை. ஆடும் இலையும். ஆனாலும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

எங்கள் பிள்ளைக்கு நல்லபடியாக முடிந்தது. எல்லோருக்கும் அப்படியே முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். சில குழந்தைகளுக்குக் காதில் குறை இருக்கும், வேறு உதவி தேவைப்படும். அதை எத்தனை சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அத்தனை நல்லது. காத்திருப்பது வேறு, கண்டுகொள்ளாமல் விடுவது வேறு. கீறிப் பார்த்துவிட்டுக் காத்திருப்பதுதான் பொறுமை. பார்க்காமலே காத்திருந்தால் அது சோம்பல். பார்க்காமலே பிடுங்கினால் அவசரம். மூன்றில் இரண்டை நான் செய்துவிட்டுத்தான் முதலாவதைக் கற்றேன்.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். வீட்டில் கொஞ்ச நேரம் வாய் மூடு என்று நான்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியாயிற்று. விட்டுப்போன இடங்களில் அடுத்த வருஷம் மழையை ஒட்டிப் போத்து நட்டு நிரப்பினோம். மேற்குப் பக்கம் குளியல் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டேன், இரண்டும் சுகமாக இருக்கின்றன. வேலி என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டது.

ஒவ்வொரு பங்குனியிலும் அது மொட்டையாகி நிற்கும். புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று, "என்னங்க, வேலி பூராவும் பட்டுப் போச்சாட்டம் இருக்குது?" என்பார்கள். நான் பதில் சொல்லுவதில்லை. ஒரு குச்சியைக் காட்டி, "நகத்தால் கொஞ்சம் கீறிப் பாருங்க" என்பேன்.